மெட்டு மட்டும்

ஒரு பாட்டில் எது பாட்டு? சொல்லா, குரலா, மெட்டா? மூன்றும் ஒன்றாய்க் குழைந்து காதில் விழும்போது இந்தக் கேள்வி எவருக்கும் எழுவதில்லை. ஏதேனும் ஒன்று கழன்று விழும்போதுதான் எழுகிறது. சொற்களை மறந்துவிட்டு மெட்டை மட்டும் முனகிக்கொண்டே மாவு இடிக்கும் மூதாட்டியைக் கேளுங்கள். பாட்டு இருக்கிறது என்பார். முதுமையில் குரல் இழந்த பாடகரைக் கேளுங்கள். பாட்டு போய்விட்டது என்பார். இருவர் சொல்வதும் மெய்தான்.

இக்கேள்வியை இக்காலத்தில் கூர்மையாக எழுப்பும் விந்தையான இசை ஒன்று உண்டு. மேல்நாட்டார் அதனைச் 'சிப்டியூன்' என்கிறார்கள். நாம் சில்லிசை என்று சொல்லிக்கொள்ளலாம். நாற்பது ஆண்டுகளுக்கு முன் தொலைக்காட்சியோடு இணைத்துப் பிள்ளைகள் விளையாடிய வீடியோ கேம் பெட்டிகளுக்குள் சிறு மின்னணுச் சில்லுகள் இருந்தன. அவற்றைக் கொண்டு, அல்லது அவற்றின் ஒலியை அப்படியே போலச்செய்யும் கணினி நிரல்களைக் கொண்டு, மக்கள் நன்கறிந்த பாடல்களைத் திரும்பச் செய்வதே அக்கலை. வயலின்களும் புல்லாங்குழலும் தபேலாவும் சேர்ந்து முழங்கிய திரைப்பாட்டு அங்கே மூன்று நான்கு கீச்சுக் குரல்களாகச் சுருங்கிவிடும். ஆயினும் கேட்ட மாத்திரத்தில் இன்ன பாட்டு என்று சொல்லிவிடலாம். தமிழ்த் திரைப்பாடல்களுக்கும் இவ்வாறு 'எட்டு பிட்' வடிவம் செய்து இணையத்தில் இடும் இளைஞர்கள் இன்று இருக்கிறார்கள்.

எனக்கு இக்கலையை அறிமுகம் செய்தவன் கருக்களாச்சேரியில் பிறந்த என் மாணவன் ஒருவன். கருக்களாச்சேரி காரைக்கால் மாவட்டத்துக் கடலோரத்தில் உள்ள மீனவக் கிராமம். நான் காரைக்கால் நகரத்தான். அக்கிராமத்துப் பிள்ளைகள் வந்து படித்த பள்ளியொன்றில் தமிழாசிரியனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். மாணவன் இப்போது துபாயில் மின்னணுக் கருவிகளைப் பழுது பார்க்கும் வேலையில் இருக்கிறான். அவனுடைய பாட்டனாரின் பாட்டொன்றைப் பற்றி நாங்கள் இருவரும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பேசிவருகிறோம். அந்தப் பேச்சே இக்கட்டுரைக்கு விதை.

சில்லு எவ்வாறு பாடுகிறது என்பதை அவன்தான் எனக்கு விளக்கினான். விளக்கைப் போட்டு அணைப்பதுபோல் மின்னோட்டத்தை நொடிக்கு 440 முறை திறந்து மூடினால், மேல்நாட்டார் 'ஏ' என்று குறிக்கும் ஸ்வரம் பிறக்கிறது. இன்னும் வேகமாகத் திறந்து மூடினால் ஸ்வரம் ஏறும். மெதுவாகச் செய்தால் இறங்கும். இவ்வளவே அதன் இலக்கணம். 1982-இல் வெளிவந்த கமடோர் 64 என்னும் வீட்டுக் கணினியின் ஒலிச்சில்லு ஒரே நேரத்தில் மூன்று குரல்களில் பாடும். 1983-இல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட பெட்டிக்கு ஐந்து குரல்கள்: மெட்டுக்கு இரண்டு, அடித்தொனிக்கு ஒன்று, கொட்டுக்கு வெறும் இரைச்சல் ஒன்று, பதிவு செய்த ஒலித்துணுக்குக்கு ஒன்று. 1989-இல் வந்த கையடக்க விளையாட்டுக் கருவியான கேம்பாய்க்கு நான்கு.

இந்த வறுமைக்குள் இசையமைத்தவர்கள் கையாண்ட உபாயங்கள் வியக்கத் தக்கவை. மூன்று ஸ்வரங்கள் ஒன்றாக ஒலிக்கவேண்டிய இடத்தில், ஒரே குரலை நொடிக்கு 50 அல்லது 60 முறை ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொன்றுக்குத் தாவவிடுவார்கள். காது ஏமாந்து மூன்றையும் சேர்த்துக் கேட்கும். அடித்தொனிக்குரிய குரலை ஏற்றவோ தாழ்த்தவோ நின்டெண்டோச் சில்லில் வழியில்லை. ஒலிக்கச் செய்யலாம், நிறுத்தலாம், அவ்வளவுதான். எனவே நிறுத்தும் இடங்களைக் கொண்டே அதற்கு உயிர் கொடுத்தார்கள். 1987-இல் வெளிவந்த சவுண்ட்டிராக்கர் என்னும் நிரல் தொடங்கி இத்துறைக்கென ஒரு எழுத்துமுறையே உருவாயிற்று. அதில் ஸ்வரங்கள் இடமிருந்து வலமாக ஓடுவதில்லை. தறியில் ஊடை ஏறுவதுபோல் ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசையில் இறங்குகின்றன. என் மாணவன் பயன்படுத்தும் ஃபேமிடிராக்கர் என்னும் நிரல் 2005-இல் தோன்றி அதே முறையைப் பின்பற்றுவது.

பொறி பாடுவது நேற்றைய புதுமையன்று. கி.பி. 9-ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா என்னும் மூன்று சகோதரர்கள், நீரின் விசையால் தானே இசைக்கும் கருவியொன்றை விவரித்து எழுதினார்கள். சுழலும் உருளையில் பதித்த முளைகள் குழலின் துளைகளைத் திறந்து மூடும். முளைகளின் இடத்தை மாற்றினால் மெட்டும் மாறும். 1206-இல் தம் நூலை நிறைவு செய்த அல்ஜஸரீ, நீரில் மிதக்கும் படகொன்றில் இசைவாணர் பொம்மைகளை அமர்த்தி, அவை கொட்டவும் ஊதவும் வகை செய்து காட்டினார். முளைகளை வேண்டியவாறு அடுக்கி வைத்தால் பொறி வேண்டியவாறு இசைக்கும் என்ற எண்ணம் அங்கேயே வேர்விட்டது. முளைக்குப் பதிலாக இன்று எண் இருக்கிறது. வேறுபாடு அவ்வளவே.

எங்கள் வீட்டிலும் ஒரு முளைப்பெட்டி இருந்தது. காரைக்கால் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊராதலால் இங்கிருந்து சைகோனுக்குச் சென்று வணிகம் செய்தவர்கள் பலர். மர்ஹூம் என் வாப்பாவும் அவர்களுள் ஒருவர். அங்கிருந்து திரும்பியபோது, சாவி கொடுத்தால் ஒரேயொரு பிரெஞ்சு மெட்டை வாசிக்கும் இசைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். அந்த மெட்டுக்கு என்ன சொற்கள் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. உம்மா இரண்டு மூன்று நாள் கேட்டார். பிறகு அந்த மெட்டுக்கே தாலாட்டுச் சொற்களைப் பொருத்தி என் தங்கையை உறங்கவைத்தார். பிரான்சில் பிறந்து சைகோன் வழியாக வந்த மெட்டு காரைக்காலில் தூளிப் பாட்டாயிற்று.

உம்மா செய்தது இந்தக் கரைக்குப் புதிதன்று. தமிழ் முஸ்லிம்களின் பழைய பாட்டுப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தவர்கள் அறிவார்கள். முனாஜாத்தோ சிந்துவோ கீர்த்தனமோ, எதுவாயினும் தலைப்பின் கீழே 'இன்ன பாட்டின் மெட்டு' என்று ஒரு வரி அச்சாகியிருக்கும். இந்துஸ்தானி மெட்டு, பார்ஸி மெட்டு, நாடக மெட்டு, பின்னாளில் திரைப்பட மெட்டு என்று எங்கிருந்து எடுத்தார்களோ அதனை மறைக்காமல் சொன்னார்கள். புத்தகத்தில் ஸ்வரக் குறிப்பு இராது. அந்த ஒரு வரியே ஸ்வரக் குறிப்பு. படிப்பவருக்கு மூலப் பாட்டு ஏற்கெனவே தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கையில்தான் புத்தகமே நடந்தது. இந்திப் படப்பாடல்களின் மெட்டில் எழுந்த இஸ்லாமியப் பாடல்கள் எத்தனையோ கல்யாண வீடுகளிலும் மீலாது மேடைகளிலும் ஒலித்தன.

சில்லிசையும் அதே நம்பிக்கையில் நடப்பதுதான். முன்னோர் மெட்டை வைத்துக்கொண்டு சொல்லை மாற்றினார்கள். இவர்கள் மெட்டை வைத்துக்கொண்டு சொல்லையும் குரலையும் கழற்றிவிடுகிறார்கள். கேட்பவரின் நினைவுதான் மீதியை இட்டு நிரப்பவேண்டும்.

சில்லில் கமகம் இல்லையே, இரண்டு ஸ்வரங்களுக்கு இடையிலுள்ள நெளிவு இல்லையே என்று இசை வல்லார் குறை கூறுவர். குறை உண்மைதான். ஆனால் இதே குற்றச்சாட்டை ஆர்மோனியமும் ஒரு காலத்தில் சுமந்தது. நம் இசையின் நுட்பமான அசைவுகள் அதன் கட்டைகளில் எழா என்று கூறி அகில இந்திய வானொலி 1940-இல் அதனைத் தடை செய்தது. அத்தடை 1971-இல்தான் தளர்ந்தது. அந்த முப்பது ஆண்டுகளிலும் நாடக மேடையிலும் கவ்வாலி அரங்கிலும் நம் ஊர்ப் பாட்டுக் கச்சேரியிலும் ஆர்மோனியம் ஓயவில்லை. பெங்களூரின் ஜி. ராஜ் நாராயண் 1979-இல் உருவாக்கிய மின்னணுச் சுருதிப்பெட்டி இன்று தம்பூரா இருந்த இடத்தில் அமர்ந்திருக்கிறது. 1982-இல் பம்பாயில் சரண்ஜித் சிங் என்னும் இசைக்கலைஞர் பத்து ராகங்களை மின்னணு இயந்திரங்களைக் கொண்டே வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அன்று அதனைக் கவனித்தவர் சிலரே. 2010-இல் மறுவெளியீடு கண்டபோதுதான் உலகம் வியந்து கேட்டது. 1986-இல் 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா கணினியின் துணையோடு இசையமைத்ததைத் தமிழர் அறிவர். கருவி ஏழையா செல்வமா என்பதைவிட, அதை வைத்துக்கொண்டிருப்பவர் எதைக் கேட்டு வளர்ந்தவர் என்பதே முக்கியமாகத் தோன்றுகிறது.

இனி கருக்களாச்சேரிக்கு வருகிறேன்.

என் மாணவனின் பாட்டனார் அவ்வூரில் பெயர் பெற்ற அம்பாப் பாடகர். அம்பா என்பது கடலில் துடுப்பு வலிக்கும்போதும் கரையில் நின்று வலை இழுக்கும்போதும் மீனவர் பாடும் பாட்டு. ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார். கயிற்றைப் பிடித்திருக்கும் மற்றவர்கள் ஒரே குரலில் ஏற்றுப் பாடுவார்கள். விசைப்படகும் ஃபைபர் படகும் வந்தபின் துடுப்பு வலிக்கும் தேவை குறைந்தது; அதனோடு அம்பாவும் குறைந்தது. 1990-களில் ஒருநாள் அப்பெரியவரைப் பாடச் சொல்லி ஒரு கேசட்டில் பதிவு செய்தேன். ஒரு பக்கம் முழுவதும் அவர் குரல். பதிவு தம் வீட்டில்தான் இருக்கவேண்டும், தம் பேரப்பிள்ளைகள் கேட்கவேண்டும் என்று அவர் விரும்பினார். அவ்வாறே கொடுத்தேன். 2002-இல் அவர் காலமானார்.

அடுத்த ஆண்டு பேரனின் கையில் ஒரு நோக்கியா கைப்பேசி வந்து சேர்ந்தது. சிங்கப்பூரிலிருந்து வந்த மாமன் கொடுத்தது. அக்காலத்து நோக்கியாக்களில் நாமே ரிங்டோன் எழுதிக்கொள்ள ஒரு வசதி இருந்தது. 1 முதல் 7 வரையுள்ள எண்கள் ஏழு ஸ்வரங்கள், 8 அழுத்தினால் ஸ்வரம் குறுகும், 9 அழுத்தினால் நீளும், 0 மௌனம், நட்சத்திரக் குறி ஸ்தாயியை மாற்றும். ஏழு ஸ்வரத்துக்கு ஏழு கட்டைகள் என்று எவனோ நம்மவன் ஏற்பாடு செய்ததுபோல் இருந்தது! ஒரு நேரத்தில் ஒரே குரல்தான். ஏறத்தாழ ஐம்பது ஸ்வரங்களுக்குமேல் இடம் கிடையாது. அந்த நிறுவனத்தின் அடையாள ரிங்டோனே ஸ்பெயின் நாட்டு கிதார் மேதை ஃபிரான்சிஸ்கோ டாரெகா 1902-இல் இயற்றிய நடன இசையிலிருந்து கிள்ளியெடுத்த துண்டுதான். பின்னர் ஸ்ரீபெரும்புதூரிலேயே 2006-இல் அந்நிறுவனத்தின் ஆலை தொடங்கி 2014-இல் மூடியதும், அங்கே பணிபுரிந்த ஆயிரக்கணக்கான இளம்பெண்களின் வாழ்வு அதனோடு ஏறி இறங்கியதும் வேறொரு கட்டுரைக்குரிய செய்திகள்.

மாணவனிடம் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் இருந்தது. திரைப்பாட்டுகளின் மெட்டுகளைக் காதால் கேட்டு, எண்களாக எழுதி வைத்திருந்தான். நண்பர்கள் அதைப் பார்த்துத் தத்தம் கைப்பேசியில் ஏற்றிக்கொள்வார்கள். நாகூர் இ.எம். ஹனீபா அவர்கள் பாடிய, இறைவன்பால் கையேந்தச் சொல்லும் அந்தப் பாட்டையும் எழுதியிருந்தான். எந்த மதத்தவராயினும் இந்தக் கரையில் அப்பாட்டை அறியாதவர் அரியர். நோட்டின் நடுவே, 'தாத்தா பாட்டு' என்ற தலைப்பின் கீழ் இரண்டு வரி எண்கள் இருந்தன. கேசட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு அம்பாவின் மெட்டை அந்த ஐம்பது ஸ்வரத்துக்குள் அடக்கியிருந்தான். வகுப்பு முடிந்தபின் எனக்கு வாசித்துக் காட்டினான். கொசு பாடுவதுபோல் இருந்தது. எனினும் அம்பாதான்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. சுனாமியைப் பற்றிக் காரைக்கால்காரர்கள் எழுதவேண்டியவை எழுதி முடியாதவை; இங்கே எழுதப் போவதில்லை. அவன் குடும்பத்தார் உயிர் பிழைத்தார்கள்; வீடு பிழைக்கவில்லை. கேசட்டும் நோட்டும் போயின. கைப்பேசி அன்று அவன் சட்டைப் பையில் இருந்தது. அதற்குள் ஐம்பது ஸ்வரம் இருந்தது.

ஒரு மனிதரின் குரல், அவர் சொற்கள், அவர் பின்னால் நின்று ஏற்றுப் பாடியவர்களின் ஆரவாரம், பின்னணியில் அலையோசை அத்தனையும் இருந்த பதிவு மறைந்தது. எஞ்சியது ஒரு ரிங்டோன். எழுத்தறிந்த உலகில் இதற்கு ஒப்பு சொல்வதானால், காவியம் எரிந்து யாப்பு மட்டும் எஞ்சியது போலாம். மெட்டு மட்டும் எஞ்சினால் பாட்டு எஞ்சியதாகுமா என்ற கேள்வி அன்றுமுதல் எங்களுக்கு ஏட்டுக் கேள்வியாக இருக்கவில்லை.

2020-இல் கொரோனா ஊரடங்கில் துபாயில் அறைக்குள் அடைபட்டிருந்த நாட்களில், அவன் அந்த ஐம்பது ஸ்வரத்தை எடுத்துச் சில்லிசையாக்கினான். முதற் குரலில் அடியெடுப்பவரின் மெட்டு. இரண்டாம் குரலில் ஏற்றுப் பாடுவோர். பலர் பாடுவதுபோல் தோன்றவேண்டி அதன் ஸ்வரத்தை மிகச் சிறிதளவு விலக்கி வைத்தான். கமகத்துக்காக ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கும் கட்டளைகளை இட்டான். அடித்தொனி அலையாக உருண்டது. இரைச்சல் குரலைச் சுருக்கி, மணலில் கால் ஊன்றும் ஓசையாக்கினான். என் கைப்பேசிக்கு அனுப்பி, "சார், இதை அப்பாயியிடம் போட்டுக் காட்டுங்கள்" என்றான்.

ஊரடங்கு தளர்ந்தபின் சுனாமிக் குடியிருப்பில் இருந்த அவனுடைய அப்பாயியைப் போய்ப் பார்த்தேன். வயது எண்பத்து நான்கு. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு முறை கேட்டார். பிறகு சொன்னார்:

"மெட்டு சரியாத்தான் இருக்கு, வாத்தியாரய்யா. ஆனா வெறுங்கையால பாடுற மாதிரி இருக்கே. கவுறு எங்க?"

எத்தனையோ இசை விமரிசனங்களைப் படித்திருக்கிறேன். இதற்கு ஈடான ஒன்றை நான் கண்டதில்லை. கயிறு எங்கே என்று மேலும் விசாரித்தேன். அவர் விளக்கியது இது: அம்பாவில் ஒவ்வோர் அடியின் முடிவிலும் இழுப்பு விழும். இழுப்பு விழும் நேரம் ஒரே அளவாய் இராது. வலை தொலைவில் இருக்கும்போது கயிறு எளிதாக வரும். பாட்டும் விரைந்து போகும். வலை கரையை நெருங்க நெருங்கக் கனக்கும்; மூச்சு நீளும்; அடிக்கும் அடிக்கும் நடுவே மௌனம் பெருகும். மடி கரையேறும் நேரத்தில் கனம் தெரியாது. கண்ணெதிரே மீன் துள்ளுவதால் பாட்டு மறுபடியும் துள்ளும். பாட்டின் தாளம் கையில் இருந்ததில்லை. கடலில் கிடந்த வலையின் கனமே தாளமாக இருந்தது.

ஐம்பது ஸ்வரத்துக்குள் அதற்கு இடமில்லை. ரிங்டோனில் எல்லா மௌனமும் ஒரே நீளம். இதை மாணவனுக்கு எழுதினேன். ஸ்வரங்கள் வரிசையாய் இறங்கும் நிரலில் வரிக்கு வரி வேகத்தை மாற்ற ஒரு கட்டளை உண்டாம். ஒரு வாரம் உழைத்து, அடிதோறும் மௌனத்தைச் சிறுகச் சிறுக நீட்டினான், இறுதியில் துள்ளவிட்டான். அடுத்த முறை அதை ஒலிக்கச் செய்தபோது அந்த மூதாட்டியின் கைகள் மடியில் கிடந்தபடியே முன்னும் பின்னும் அசையத் தொடங்கின. நான்காம் அடிக்கு வரும்போது உதடும் அசைந்தது. சொற்கள் வந்தன. எல்லாம் வரவில்லை, ஏழெட்டு அடிகள் வந்தன. அண்டை வீட்டிலிருந்து அவருடைய தம்பி வந்து இன்னும் மூன்று அடிகள் கொடுத்தார். ஓர் அடியின் முடிவைப் பற்றி இருவருக்கும் சச்சரவு ஏற்பட்டு, இன்றுவரை தீரவில்லை. இம்முறை அனைத்தையும் இருவர் குரலிலேயே பதிவு செய்து மூன்று இடங்களில் வைத்திருக்கிறோம்.

மூழ்கிய படகின் மேல் மிதக்கும் அடையாளக் கட்டைபோல் மெட்டு மிதந்துகொண்டிருந்தது. அதைப் பிடித்து இழுத்தபோது கீழிருந்து சொற்கள் மேலே வந்தன. ஆனால் இழுப்பதற்கு, அந்தக் கயிற்றை முன்பு பிடித்திருந்த ஒரு கை உயிரோடு இருந்தது. அப்பாயி இல்லாதிருந்தால் எங்களிடம் இருந்திருப்பது இனிய கொசுப்பாட்டு ஒன்றுதான்.

உலகம் அறிந்த எடுத்துக்காட்டு ஒன்று இதற்கு மறுபக்கத்தைக் காட்டும். ரஷ்யாவில் 'கொரோபெய்னிகி' என்று ஒரு நாட்டுப்பாட்டு உண்டு. தோளில் பெட்டி சுமந்து ஊர் ஊராய்ச் சரக்கு விற்கும் வணிகனையும், அவனிடம் பேரம் பேசும் பெண்ணையும் பற்றியது. 1861-இல் வெளிவந்த நெக்ராசோவின் கவிதையிலிருந்து பிறந்தது. 1989-இல் கேம்பாய்க் கருவியோடு வந்த டெட்ரிஸ் விளையாட்டுக்கு அந்த மெட்டைச் சில்லில் ஏற்றினார்கள். இன்று உலகின் எந்த மூலையிலும் அதை முனகக்கூடிய பிள்ளைகள் உண்டு. வணிகனை அறிந்த பிள்ளைகள் எத்தனை பேர்? மெட்டு உலகத்தைச் சுற்றிவந்தது. பெட்டிக்காரன் ரஷ்யாவிலேயே இறங்கிக்கொண்டான். ஊர் ஊராய்ப் பெட்டி சுமந்து வணிகம் செய்த நம் பாட்டனார்களை நினைக்கையில் எனக்கு அந்தப் பெட்டிக்காரன்மீது ஒரு சொந்தம் தோன்றுகிறது.

எங்கள் வீட்டிலும் இதே நிகழ்ந்தது. ஹனீபா அவர்களின் பாட்டுக்கு மாணவன் செய்த சில்லிசையை ஒருநாள் கூடத்தில் ஒலிக்கவிட்டேன். 1925-இல் பிறந்து 2015-இல் மறைந்த அந்தப் பெருங்குரல், தஃபின் முழக்கத்தையும் மீறி எழுவதை நேரில் கேட்டவன் நான். கீச்சுக் குரலில் முதலடி தொடங்கியதுமே என் காதுக்குள் அவரே பாடத் தொடங்கிவிட்டார். பக்கத்து அறையிலிருந்து வந்த என் பேரன், "இது எந்த கேமின் மியூசிக்?" என்று கேட்டான். ஒரே ஒலி. எனக்குள் அது ஹனீபாவை எழுப்பிற்று. அவனுக்குள் எழுப்புவதற்கு எவருமில்லை. அன்றிரவே மூலப் பாட்டை அவனுக்குப் போட்டுக் காட்டினேன். மறுநாள் சில்லிசையைத் தானே கேட்டு வாங்கி ஓடவிட்டுச் சிரித்தான். இப்போது அவனுக்கும் உள்ளே ஒரு குரல் உண்டு.

ஆகவே இக்கலையைப் பயிலும் இளைஞர்களுக்குச் சில சொற்கள். நீங்கள் செய்வது விளையாட்டு என்று எவரேனும் சொன்னால் கவலற்க; தாலாட்டும் ஒருவகையில் விளையாட்டுதான். ஆனால் பழைய பாட்டுப் புத்தகங்களின் நேர்மையை உங்களுடையதாக்கிக்கொள்ளுங்கள். தலைப்பின் கீழே 'இன்ன பாட்டின் மெட்டு' என்ற அந்த வரியை இடுங்கள். பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் பெயர்களை விடாமல் எழுதுங்கள். உரிமையுள்ள பாட்டாயின் உரியவரிடம் கேளுங்கள்; 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், பாட்டு முதலிற் பதிவாகி ஐந்தாண்டு கழிந்தபின், முன்னறிவிப்பும் உரிய தொகையும் கொடுத்து நிபந்தனைகளோடு மறுபதிவு செய்ய வழி வைத்திருக்கிறது. அந்த ஒரு வரி இருந்தால், உங்கள் சில்லிசையைக் கேட்கும் பிள்ளை மூலத்தைத் தேடிப் போகும். அது இல்லாவிட்டால் பெட்டிக்காரன் வழியிலேயே இறங்கிவிடுவான்.

இன்னொன்று. திரைப்பாட்டுக்கு ஆயிரம் பிரதிகள் இருக்கின்றன, அவசரமில்லை. உங்கள் தெருவில், ஒரே ஒருவர் நெஞ்சில் மட்டும் இருக்கும் பாட்டு ஒன்று நிச்சயம் இருக்கும்: ஒரு அம்பா, ஒரு கல்யாண வாழ்த்து, ஒரு தூளிப் பாட்டு. அதைச் சில்லில் ஏற்றுங்கள். ஏற்றியதும் இணையத்தில் இடுவதற்கு முன்னால், அந்த ஒருவரிடம் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டுங்கள். கயிறு எங்கே என்று அவர் கேட்கட்டும். அவர் கேட்கக்கூடிய காலத்திலேயே அவரிடம் போய்ச் சேருங்கள்.